கடை, வாடகை, சொத்து வரி: பில் கலெக்டர் பதில்கள்

(சிறு வணிகர்களின் வரிக் கேள்விகளுக்கு, கொங்குப் பகுதி நகராட்சிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற வரி வசூலர் ஒருவர் பதில் அளிக்கிறார். இந்த இதழில் சொத்து வரி.)

கேள்வி: சேலத்தில் வாடகைக் கட்டடத்தில் மெஸ் நடத்துகிறேன். 300 சதுர அடி. பக்கத்தில் ஒரு செல்போன் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை. மூன்றும் சேர்ந்து 600 சதுர அடி, ஒரே கட்டடம், ஒரே உரிமையாளர். எனக்கு வாடகை மாதம் 12,000. "சொத்து வரி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது" என்று சொல்லி மூன்று பேரிடமும் தலைக்கு 2,000 ரூபாய் கூட்டிக் கேட்கிறார். வரிச் சீட்டையும் காட்டினார். அரையாண்டுக்கு 9,540 ரூபாய். இதை நாங்கள் கட்டித்தான் ஆக வேண்டுமா?

அவர் சொன்னது பொய் இல்லை. கணக்குதான் வேறு. ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தது. சென்னையில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம். சேலம் போன்ற மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். அதாவது சரியாக இரட்டிப்பு. பிறகு 2024-ல் இன்னொரு 6 சதவீதம் ஏறியது. இப்போது பின்னோக்கிப் போங்கள். 9,540-லிருந்து 6 சதவீத உயர்வை நீக்கினால் 9,000. அதைப் பாதியாக்கினால் 4,500. ஆக, 2022-க்கு முன்பு அந்தக் கட்டடம் முழுவதற்கும் அரையாண்டு வரி 4,500 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 750. இன்றைக்கு மாதம் 1,590. மூன்று கடைக்கும் சேர்த்து மாதம் கூடியது 840 ரூபாய்.

அவர் கேட்பது எவ்வளவு? மூன்று பேரிடமும் சேர்த்து 6,000.

நான் வேலை பார்த்த ஊர்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டடம் முழுவதற்கும் ஒரே வரி விதிப்பு எண் இருக்கும். சீட்டும் ஒன்றுதான் வரும். அந்த ஒரே சீட்டு ஒவ்வொரு கடைக்காரரிடமும் தனித்தனியாகப் போகும். பார்க்கிறவர் ஒவ்வொருவரும் அது தன் கடைக்கான வரி என்று நினைத்துக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துப் பேசினால் தெரிந்துவிடும். ஆனால் வாடகை விஷயத்தில் நம் ஆட்கள் பக்கத்துக் கடையிடம் வாயைத் திறக்கவே மாட்டார்கள்!

உங்கள் பங்கைப் பார்ப்போம். 600-ல் 300 உங்களுடையது, அதாவது பாதி. முன்பு மாதம் 375, இப்போது 795. கூடியது 420 ரூபாய்.

சரி, இந்த 420-ஐயாவது நீங்கள் கொடுக்க வேண்டுமா? சொத்து வரி கட்டடத்தின் மேல் நிற்கிற வரி. நகராட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். உங்களிடம் அவர் வாங்கலாமா கூடாதா என்பதை உங்கள் வாடகை ஒப்பந்தம்தான் சொல்லும். "சொத்து வரி வாடகைதாரர் பொறுப்பு" என்று அதில் இருந்தால் உங்கள் பங்கைக் கொடுத்தாக வேண்டும். ஒன்றும் எழுதாவிட்டால் பேசிய வாடகைக்குள்ளேயே வரியும் அடக்கம் என்பதுதான் என் எண்ணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டமும் வாடகை, அதன் உயர்வு இரண்டையும் ஒப்பந்தத்தின் கையில்தான் விட்டிருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரிலோ பத்திரத்தில் பழைய வாசகத்தையே நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறோம்.

ஒப்பந்தம் இடம் கொடுத்தால் வாடகையைக் கூட்டுவது அவர் உரிமை. அதற்கு வரியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம் நீங்கள் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதிலும் பயன் இல்லை. மெஸ்ஸுக்கு இடம்தான் முதல். அந்தத் தெருவில் உங்கள் ரசத்துக்குப் பழகியவர்கள் அடுத்த தெருவுக்கு வர மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, மூன்று கடைக்காரர்களும் சேர்ந்தே போய்ப் பேசுங்கள். "ஐயா, வரி கூடியது 840. அதை நாங்கள் பங்கு போட்டுத் தருகிறோம்" என்று தொடங்குங்கள். 6,000 கேட்டவர் 840-க்கு இறங்க மாட்டார்தான். ஆனால் பேச்சு 2,000-லிருந்து தொடங்காமல் 420-லிருந்து தொடங்கும். அடுத்த ஒப்பந்தத்தில் "இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இத்தனை சதவீதம், சொத்து வரி உட்பட" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: அதே மெஸ்காரர்தான் இதையும் கேட்டிருக்கிறார்: "ஜிஎஸ்டி எண் வைத்திருக்கிறேன். வாடகைக்கும் 18 சதவீதம் நானே கட்ட வேண்டும் என்கிறார் கணக்குப் பிள்ளை. அப்படியானால் சொத்து வரிப் பங்குக்கும் சேர்த்தா?"

2024 அக்டோபர் 10-லிருந்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாத உரிமையாளரிடம் கடை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்ற வணிகர், வாடகையின் மேல் 18 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும் என்று வந்தது. வணிகர்கள் சத்தம் போட்ட பிறகு, 2025 ஜனவரி 16-லிருந்து காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் மொத்த விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை) இருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். பதிவே இல்லாத சின்னக் கடைகளுக்கு முதலிலிருந்தே இது கிடையாது.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உணவகத்துக்கு சாதாரணப் பதிவிலும் 5 சதவீதம்தான், காம்போசிஷனிலும் 5 சதவீதம்தான். அதனால் தான் எதில் இருக்கிறோம் என்றே பல மெஸ்காரர்களுக்குத் தெரியாது. பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். காம்போசிஷன் என்றால் இந்தத் தொல்லை இல்லை. சாதாரணப் பதிவு என்றால் அந்த 18 சதவீதம் முழுக்கக் கைக்காசு. மளிகைக் கடைக்காரர் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வார், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். 5 சதவீத உணவகத்துக்கு அந்த வரவு கிடையாது.

சொத்து வரிப் பங்கை உரிமையாளர் உங்களிடம் வாங்கினால் அதுவும் வாடகை மதிப்போடு சேரும். 795 ரூபாய் 938 ஆகிவிடும். வரிக்கு வரியா என்றால், ஆமாம். கோபப்பட வேண்டிய இடம் இதுதான். ஆனால் அந்தக் கோபத்தை நகராட்சி வரி வசூலர்மேல் காட்டாதீர்கள், பாவம், ஜிஎஸ்டிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை, சொந்த இடம். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். ஜாப் ஆர்டர்தான். ஷெட் ஆயிரம் சதுர அடி. வரிப் பதிவில் 1,400 சதுர அடி, "வணிகம்" என்று இருக்கிறது. சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி எங்கே மனு கொடுப்பது?

தம்பி, சதவீதத்தைக் குறைக்க அரசால்தான் முடியும். உங்கள் மனு அங்கே போகாது. உங்களால் மாற்ற முடிந்தது சதவீதத்துக்கு அடியில் இருக்கும் அளவும் வகையும். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி சதவீதத்தைத் திட்டித்தான் வருகிறது. அளவைப் பார்த்தேன் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான், அதற்கு முதலில் ஒரு சபாஷ்.

வரி எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் பரப்பு, அது எந்தத் தெரு மண்டலத்தில் இருக்கிறது, கூரை என்ன வகை, எத்தனை வருடக் கட்டடம், எதற்குப் பயன்படுகிறது, இவற்றை வைத்து ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். நீங்கள் வாங்குகிற வாடகைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அந்த மதிப்பின் மேல்தான் வரி. குடியிருப்பைவிட தொழிலுக்கு அதிகம், தொழிலைவிட வணிகத்துக்கு அதிகம். 2022 உயர்விலும் உங்கள் ஊரில் வணிகத்துக்கு 100 சதவீதம், தொழிற்கூடத்துக்கு 75 சதவீதம்தான். ஆக உங்கள் பட்டறை மூன்று இடத்தில் அடி வாங்கியிருக்கிறது: பரப்பில், வகையில், உயர்வில்.

400 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இடித்துப்போட்ட பழைய அறை பதிவில் இன்னும் உயிரோடு இருக்கலாம். முன்னால் வண்டி நிறுத்த இழுத்துவிட்ட தகரச் சாய்ப்பைக் கட்டடமாகச் சேர்த்திருக்கலாம். மேலிருந்து ட்ரோன் விட்டு அளந்த இடங்களில் இது சகஜம். ட்ரோனுக்குக் கூரைதான் தெரியும், அதற்குக் கீழே சுவர் இருக்கிறதா என்பது தெரியாது. டேப் பிடித்து அளந்த எங்கள் காலத்திலும் தப்பு நடந்தது, அது வேறு வகை. மழை நாளில் வெளியே நின்றே "நீளம் ஐம்பது இருக்கும்" என்று எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு.

இரண்டு கோரிக்கையையும் ஒரே மனுவில் எழுதி மாநகராட்சி ஆணையருக்குக் கொடுங்கள். ஒன்று, மறு அளவீடு. இன்னொன்று, வணிகம் என்பதைத் தொழில் என்று மாற்றுவது. கூடவே வைக்க வேண்டியது: வரைபட அனுமதி இருந்தால் அது, உத்யம் பதிவுச் சான்று (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), மின் கட்டண அட்டை. மின் அட்டை மிக முக்கியம். 12 கிலோவாட்டுக்குள் ஓடும் பட்டறைக்கு மூன்று-ஏ-ஒன்று என்று குறுந்தொழில் கட்டணப் பிரிவு இருக்கிறதே, உங்கள் இணைப்பு அதில் இருந்தால் "அரசு மின்வாரியமே என்னைத் தொழில் என்கிறது, நீங்கள் எப்படி வணிகம் என்பீர்கள்" என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். ஆணையர் பதிலில் திருப்தி இல்லையென்றால் மன்றத்தின் வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

இன்னொன்று. மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். குறைந்தால் அடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். கட்டாமல் விட்டால் பாக்கி என்ற முத்திரை விழும், அப்புறம் உங்கள் மனுவை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.

கேள்வி: ஈரோட்டில் வீட்டின் முன் அறையில் தையல் மெஷின் இரண்டு போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அளக்க வந்தவர் "வீடு முழுக்க வணிகமாக மாறிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. கடையாகப் பயன்படும் பகுதிக்கு மட்டும்தான் வணிக வரி. மீதி வீடு வீடாகவே இருக்கும். 120 சதுர அடி முன் அறை என்றால் அந்த 120-க்கு மட்டும் கூடுதல் விகிதம். எந்தத் தளத்தில், எந்த அறை, எத்தனை அடி, என்ன பயன்பாடு என்று பிரித்து எழுதத்தான் படிவத்திலேயே கட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தை வந்தவர் நிரப்பட்டும் என்று விடாமல் நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வாய்மொழியாக "முழுக்க மாறிவிடும்" என்று சொல்பவரிடம், "சரிங்க, அதை நோட்டீஸாக எழுத்தில் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்து என்றதும் பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். நானும் அந்த இலாகாவில் இருந்தவன்தான், அதனால் சொல்கிறேன். மின் இணைப்பையும் வீட்டுக்குத் தனி, கடைக்குத் தனி என்று பிரித்துவிடுவது நல்லது. இரண்டு அலுவலகமும் ஒன்றின் பதிவை ஒன்று பார்க்கிற காலம் இது.

கேள்வி: வரி ரசீதில் நூலக வரி என்று பிடிக்கிறார்கள். நான் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், எனக்கு நூலகம் எதற்கு?

1948-ல் வந்த பொது நூலகச் சட்டம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. பாத்திரக் கடை, பட்டுக் கடை எல்லாருக்கும் ஒரே கணக்கு. எப்படியும் கட்டிவிட்டீர்கள், மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது போய் ஒரு செய்தித்தாளாவது படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் ரகங்கள் விற்கும் சின்னக் கடை. 2024 டிசம்பரில் நாங்கள் கடையடைப்புக்கூடச் செய்தோம். பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக எங்கள் தலையில் ஏன் இறக்குகிறார்கள்? வருடா வருடம் 6 சதவீதம் வேறு என்கிறார்கள்.

"சும்மா இருந்துவிட்டு" என்றீர்களே, விஷயம் அதிலேயே இருக்கிறது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பெரிதாக வரியைத் தொடவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, உள்ளாட்சித் தேர்தல் பேச்சும் வந்தது, 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் கழிவைப் பதிவேட்டில் ஏற்றி முடிப்பதற்குள் அலுவலகங்களில் பட்ட பாடு இருக்கிறதே! பிறகு மத்திய அரசின் நிதியைப் பங்கிட வழி சொல்லும் 15-வது நிதிக் குழு, சொத்து வரியைச் சீரமைத்து மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை போட்டது. அதன் விளைவுதான் 2022-ம், பின்னால் வந்த 6 சதவீதமும்.

என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பதினாலு வருடம் உயர்த்தாமல் இருந்து ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட, வருடத்துக்குக் கொஞ்சம் என்பது கடைக்காரருக்கு நல்லது. மாதம் 500 கூடும் என்று தெரிந்தால் சமாளிக்கத் திட்டம் போடலாம். திடீரென்று வருவதற்கு யாரும் திட்டம் போட முடியாது.

ஆனால் வேறொரு அநியாயத்தை யாரும் பேசுவதில்லை. சதவீத உயர்வு பழைய கணக்கின் மேல்தான் ஏறுகிறது. பழைய கணக்கே கோணல் என்றால்? ஒரே பஜார், எதிரெதிரே இரண்டு கடை, ஒரே அளவு. ஒன்று நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ கருணையோடு அளந்தது, அரையாண்டு வரி 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பிறகு ஒழுங்காக அளந்து 4,000 போட்டது. இரண்டுக்கும் 100 சதவீதம் என்றால் 2,000, 8,000. வித்தியாசம் 3,000-ஆக இருந்தது 6,000 ஆகிவிட்டது. நேர்மையாக அளக்க விட்டவர்தான் தண்டனை வாங்குகிறார். புதிதாகக் கடை கட்டுகிற இளைஞர் இன்றைய விகிதத்தில் முழுதாகக் கட்டுவார், பக்கத்தில் பெரிய ஜவுளிக் கடை மூன்றாவது மாடியையே கணக்கில் காட்டாமல் இருக்கும். உங்கள் சங்கத்தினர் அடுத்த முறை ஆணையரைப் பார்க்கப் போகும்போது "சதவீதத்தைக் குறையுங்கள்" என்பதோடு "பஜாரில் எல்லாக் கடையையும் ஒரே டேப்பில் அளங்கள்" என்றும் கேட்கட்டும். கேட்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். சங்கத்தில் ஜவுளிக் கடைக்காரரும் இருப்பாரே!

கேள்வி: பொள்ளாச்சியில் தாத்தா காலத்துச் சொந்தக் கடை, மளிகை. வங்கியில் கடன் கேட்டால் வரி ரசீது கேட்கிறார்கள், அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. நான்கு அரையாண்டு பாக்கியும் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

பாக்கியை முதலில் தீருங்கள். அது நிற்கும்வரை பெயர் மாற்றத்துக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள், தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கவும் அந்த ரசீதுதான் வேண்டும். தாமதத்துக்கு இப்போது மாதம் 1 சதவீதம் வட்டி. கைமாற்று வாங்கும் வட்டியோடு ஒப்பிட்டால் குறைவு என்று சிலர் தெரிந்தே தள்ளிப்போடுகிறார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கும், வங்கிக் கடன் கிடைக்காமல் போவதை அவர்கள் அதில் சேர்ப்பதில்லை.

பிறகு பெயர் மாற்றம். தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், கடைசி வரி ரசீது. பங்காளிகள் இருந்தால் அவர்கள் கையெழுத்து. உண்மையில் நாள் ஆவது இங்கேதான், நகராட்சியில் அல்ல.

அடுத்து வரும் அரையாண்டிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் ஒன்று, அக்டோபர் ஒன்று, இந்த இரண்டு தேதியிலும் அரையாண்டு தொடங்குகிறது. தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். வரி விதிப்பு எண்ணைப் போட்டால் நகராட்சி இணையதளத்திலேயே கட்டலாம், பாக்கி எவ்வளவு, பரப்பு எவ்வளவு என்றும் பார்க்கலாம். கட்டி முடித்ததும் ரசீதை அச்செடுத்து வையுங்கள். வங்கிக்குப் போகும்போது கைப்பேசித் திரையைக் காட்டினால் மேலாளர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.